பிரசவ அறைக்கு வந்த மின்விசிறி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சித்திரை மாதத்து மதுரை எப்படிக் காயும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகையில் பேருக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அழகர் இறங்குவதற்கு முன்பே ஊருக்குள் கூட்டம் இறங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கும் வெக்கைக்கும் நடுவில் அக்கா எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றாள்.

அது அவளுக்கு மூன்றாவது. முதலாவது பிறக்கும்போதே உயிரில்லை. இரண்டாவது, பெயர் வைக்கும் முன்னமே போய்விட்டது. அதனால் இந்தக் குழந்தை அழுதாலும் எங்களுக்குப் பயம், அழாவிட்டாலும் பயம். பெண் குழந்தை. தலை நிறைய முடி. ஆனால் யாரும் வாய்விட்டு அழகு என்று சொல்லவில்லை.

வீட்டின் கடைசி அறைதான் பிரசவ அறை. ஒரே ஒரு ஜன்னல். அதையும் அம்மா அடைத்து, இடுக்குகளில் பழந்துணி திணித்திருந்தாள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது, ஜன்னி கண்டுவிடும் என்பது அவள் கட்சி. அந்த அறைக்குள்தான் அப்பா தன் மின்விசிறியைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

விசிறியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது மற்றவர்கள் நாற்காலியும் பீங்கானும் எடுக்க, இவர் மேசை விசிறியை எடுத்து வந்தார். கறுப்பு உடம்பு, பித்தளை இறக்கை, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். எங்களிடம் மேசை கிடையாது என்பதை அம்மா அன்றே எடுத்துச் சொன்னாள். புரட்டாசியில் வந்தது, மழையும் பனியும் தீரும்வரை துணி போர்த்திச் சும்மா இருந்தது. அக்கா வரப்போகிறாள் என்றதும் அப்பா அதற்கு ஒரு முக்காலி செய்யச் சொன்னார்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு, விசிறி வேண்டும் என்கிற கணவனும் வேண்டாம் என்கிற மனைவியும் போடும் சாதாரணச் சண்டைதான். எனக்கு உள்விஷயம் தெரியும். இரண்டாவது குழந்தை இதே அறையில் இருந்தபோது, வெக்கை தாங்காமல் அப்பா ஒரு மத்தியானம் வெளியே நின்று ஜன்னலைத் திறந்துவிட்டார். அம்மா பார்த்ததும் சாத்திவிட்டாள். சில நாளில் குழந்தை போய்விட்டது. ஜன்னல் திறந்ததால் போயிற்று என்று அம்மா நம்பினாள். சாத்தியதால் போயிற்று என்று அப்பா நம்பினார். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாள் சண்டையோடு தீர்ந்திருக்கும் என்று எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும்.

மூன்றாவது பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். ஒரு காலையில் குழந்தை பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கிறது, பிறகு துவண்டு சாய்ந்துகொள்கிறது. நெற்றியிலும் கழுத்திலும் வேர்க்குரு. அக்காவின் சேலை முழுக்க நனைந்திருந்தது.

"மூச்சு முட்டுதும்மா," என்றாள் அக்கா. அவள் எதற்கும் முறையிடுகிற பெண் இல்லை.

அம்மா பனையோலை விசிறியை எடுத்தாள். எடுத்தவள், எதையோ நினைத்துக்கொண்டு மடியிலேயே வைத்துக்கொண்டாள். வாசற்படிக்கு வெளியே நின்ற அப்பா பொறுமை இழந்து, "தாயி, அந்தச் சுவிட்ச்சைப் போடு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டேன்.

விசிறி சுற்றவில்லை.

பிரசவ அறைக்குள் ஆண்கள் வரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் விசிறிக்கு வைத்தியம் பார்க்கும் அப்பா வெளியே, நோயாளி உள்ளே, நடுவில் நான். "விளக்கு எரியுதா பாரு," என்றார். எரிந்தது. அப்படியானால் கரண்ட் இருக்கிறது. "வயரை ஆட்டிப் பாரு." ஆட்டினேன். "காதைக் கிட்ட வச்சுக் கேளு." கேட்டேன். உள்ளே உர்ரென்று ஒரு முனகல் இருந்தது. குடையின் காம்பால் இறக்கையைத் தள்ளச் சொன்னார். தள்ளினால் அரைவட்டம் போய், மனசில்லாமல் நின்றது.

"எங்கிட்டத் தூக்கிட்டு வா, நான் பாக்குறேன்," என்றார் அப்பா.

"உள்ள வந்த சாமான் தீட்டுக் கழியாம வெளிய போகாது," என்றாள் அம்மா.

அப்பாவின் முகம் மாறியது. அவர் குரலை உயர்த்துகிறவர் அல்ல, தாழ்த்தினால்தான் ஆபத்து. "நீ அதை என்ன பண்ணுன?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நானா?"

"போன மாசம் போட்டப்பவே சரியா ஓடல, முக்கிக்கிட்டு ஓடுச்சு. இப்ப சுத்தமா நின்னுருச்சு. இந்த வீட்டுல அது ஓடக்கூடாதுன்னு நினைக்கிற ஆளு நீ ஒருத்திதான."

"எனக்கு அது ஆகாதுன்னா அன்னைக்கே கிணத்துல போட்டிருப்பேன். ஒளிச்சு மறைச்சு எதுக்குச் செய்யணும்?" என்றாள் அம்மா. பிறகு, குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "அம்புட்டுக் கல்நெஞ்சுக்காரியா நான்?" என்றாள்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம். துவண்ட பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன வழக்கு இது? பிளக்கைப் பிடுங்கிவிட்டு விசிறியின் பின்பக்கத்தைத் துழாவினேன். எண்ணெய் விடுவதற்கென்று மேலே ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதைச் சுற்றிப் பிசுபிசுவென்று பழுப்பாக ஏதோ இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வாசனை. நல்லெண்ணெய்.

நல்லெண்ணெய் என்றதும் எனக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்துவிட்டது. அன்று அரிவாள்மனை, சைக்கிள், சித்தியின் தையல் மிஷின், அப்பாவின் பேனாக்கட்டை எல்லாவற்றோடும் புது விசிறியையும் வரிசையில் வைத்தோம். அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை. தையல் மிஷின் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அப்பா அதைத் தொடவில்லை. சாமிக்கு முன்னால் வைத்த கிண்ணத்து எண்ணெயைத்தான் அந்த ஓட்டையில் பக்தியாக ஊற்றினார். நல்ல நாளும் அதுவுமாக வெளி எண்ணெய் விடக்கூடாதாம். அந்த எண்ணெய்தான் மாதக்கணக்கில் உள்ளே கிடந்து பிசினாக இறுகியிருக்கிறது.

"அப்பா, உள்ள நல்லெண்ணெய் ஒட்டிக் கெடக்கு," என்றேன்.

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது. அம்மாவுக்கு வந்திருக்காதா? அன்று கிண்ணத்தை எடுத்து நீட்டியதே அவள்தான். அவர் ஒரு வார்த்தைக்குக் காத்திருப்பதுபோல நின்றார். குத்திக் காட்ட அம்மாவுக்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது.

அம்மா எழுந்து போய், அடுப்படியில் பூட்டி வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் என்ன பாடு என்பது அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியும். "தையல் மிஷின் மாட்டிக்கிட்டா உங்க சித்தி இதத்தான விடுவா. ஊத்து," என்றாள். பிறகு அக்காவையும் குழந்தையையும் வாடை படாத மூலைக்கு நகர்த்தினாள்.

துணித்திரியை நனைத்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். இறக்கையைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினேன். முதலில் அது அசைய மறுத்தது. பிறகு பழுப்பாகக் கசிந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. அப்பா வெளியிலிருந்து ஒரு யோசனையும் சொல்லவில்லை. கடைசியில் கை எடுத்த பிறகும் இறக்கை தானே இரண்டு சுற்றுப் போனது. வாடை அடங்கும்வரை காய்ந்த துணியால் துடைத்தேன். மிஷின் எண்ணெய் விட்டேன். பிளக்கைச் செருகினேன்.

விசிறி இருமிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. அறையில் தேங்கிக் கிடந்த வெக்கை அசைந்ததை என் கழுத்தில் உணர்ந்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மாதான் சட்டென்று எழுந்தாள். நிறுத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விசிறிக்கும் பாய்க்கும் நடுவில் வந்து, விசிறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சேலை முந்தானை படபடத்தது. அதை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீ மறைச்சு உக்காந்தா அவளுக்கு எப்படிக் காத்து போகும்?" என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை.

"போகும். எம்மேல பட்டுட்டுப் போகட்டும். அதுல கெட்டது எதாச்சும் இருந்தா என்னோட நின்னுரட்டும்."

அப்பா வாசற்படிக்கு வெளியே, வெறுந்தரையில் உட்கார்ந்தார். அன்று அவர் கச்சேரிக்குப் போகவில்லை. அம்மாவின் தோளைச் சுற்றிக்கொண்டு காற்று அக்காவிடம் போனது. குழந்தையின் தலைமுடி லேசாக ஆடியது. வெகுநேரம் கழித்து, அது மார்பைத் தேடி முகத்தைத் திருப்பிற்று.

"குடிக்கிறாளா?" என்று அப்பா வெளியிலிருந்து கேட்டார்.

அம்மா திரும்பவில்லை. முதுகு காற்றில் அப்படியே இருக்க, "குடிக்கிறா," என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.