மூன்று கோடு விட்டு

காலை எட்டரைக்குக் கண்ணகை கூட்டி முடித்துத் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு ஓர் ஈர்க்கை எடுப்பாள். விசைப்பலகையின் எழுத்துகளுக்கு இடையே அதை விட்டுக் கிளறி, எறும்பையும் களப்பு மணலையும் வெளியே தள்ளுவாள். அங்கே நிற்கிற மூன்று கணினிகளில் ஒன்றுக்குத்தான் உயிர் இருக்கிறது. ஆனாலும் மூன்றையும் துடைப்பாள். செத்துப்போன இரண்டுக்கும் பழஞ்சேலையில் தைத்த உறை உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒருவரும் உள்ளே வரமுடியாது, திட்ட அதிகாரி என்றாலும் சரி.

கல்குடாவுக்கு வடக்கே, கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பின் ஓரத்தில் அறுபத்து நான்கு வேடர் குடும்பங்கள் இருக்கிற ஊர் அது. அவர்களை முன்னேற்றுவதற்கென்று ஒரு திட்டத்தில் பொது இணைய நிலையம் ஒன்றைக் கட்டி, மும்மொழியில் பெரிய பலகையும் மாட்டிப் போனார்கள். பலகைக்குக் குறைவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே சிக்னல் வராது என்பது நாடா வெட்டிய பிறகுதான் அந்தப் படித்த மனிதர்களுக்குத் தெரியவந்தது. நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற கண்ணகை யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தகப்பன் தேனெடுக்க வைத்திருந்த நீளத் தடியின் நுனியில், இணையம் பிடிக்கிற டொங்கிளைச் சொப்பிங் பையால் சுற்றிக் கட்டி, ஓட்டுக்கு மேலே தூக்கி நிறுத்தினாள். காற்று மாறினால் எழுந்து போய்த் தடியைத் திருப்பி வைத்துவிட்டு வருவாள். "கொஞ்சம் பொறுங்க. தேன்பூச்சியும் இப்பிடித்தான், நிண்டு பார்த்துத்தான் எடுக்கணும்" என்பாள். ஆறு வருடமாக ஊரின் பிறப்புப் பத்திரமும் நிவாரண விண்ணப்பமும் அந்தத் தடி வழியாகத்தான் போய்வந்தன.

வருகிறவர்கள் கையெழுத்திட ஒரு பதிவேடு உண்டு. புதுப்பக்கம் திருப்பும்போதெல்லாம் அவள் முதல் மூன்று கோட்டிலும் மூன்று பெயர் எழுதுவாள்: பூமுத்தன், கதிராத்தை, வல்லிபுரம். மூவரும் செத்தவர்கள். வல்லிபுரம் அவளுடைய தாயின் தகப்பன். சூறாவளி வருடத்தில் போனவர். மற்ற இருவரும் அவருக்கும் முந்தியவர்கள். அந்த ஊரில் தேனுக்குப் போனாலும், வலை இறக்கினாலும், பெண் கேட்டுப் போனாலும் முதலில் முன்னோரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். புதுப்பக்கமும் ஒரு தொடக்கம்தானே.

போன வருடம் ஓர் அறிவித்தல் வந்தது. ஊருக்குப் பின்னாலுள்ள காட்டுத்துண்டு உல்லாச விடுதி ஒன்றுக்குக் கொடுபடப் போகிறதாம். ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் இணையத்தில் மட்டும் அனுப்ப வேண்டுமாம். ஊர் தேனெடுப்பதும் அங்கேதான். முன்னோருக்குச் சடங்கு செய்வதும் அங்கேதான். முதல் தடவையாக அந்த நிலையம் ஊருக்கே பொதுவான ஒரு காரியத்துக்கு உதவப்போகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். கண்ணகை வீடுவீடாகப் போனாள். அடையாள அட்டைகளைப் படம் எடுத்தாள். தடியைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாய் ஏற்றினாள். கடைசி நாள் பின்னேரம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு ஊருக்கே அவள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இறந்தவர்களை உயிரோடிருப்பவர்களாகக் காட்டிய மோசடி மனு, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான். அறுபத்து நான்கு குடும்பங்களின் பெயருக்கு முன்னால் அவள் வழக்கம்போல அந்த மூன்று பெயரையும் போட்டிருந்தாள். வல்லிபுரத்தின் பழைய அடையாள அட்டை பெட்டிக்குள் கிடந்தது, அதன் இலக்கத்தை எழுதினாள். மற்ற இரண்டு பேருக்கும் அட்டை ஏது? கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் திறக்காது என்றபடியால் பூச்சியம் பூச்சியமாகப் போட்டாள்.

திட்ட அதிகாரி உதயரூபன் மட்டக்களப்பிலிருந்து ஓடிவந்தார். அவர் பொல்லாத மனிதர் அல்ல. தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "செத்த ஆக்கள்ற பேரை என்னத்துக்கு அக்கா போட்டீங்க?"

கண்ணகைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "காணி அவங்கட தானே சேர். அவங்களை விட்டுப்போட்டு நாங்க என்னெண்டு கேக்கிற?"

நாள் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தவர், இனிமேல் அந்தப் பெயர்களை இதிலும் எழுதக் கூடாது, சோதனைக்கு வந்தால் நிலையத்தையே மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழைக்கு முன்னமே கம்பிவேலி வந்தது. சடங்கு செய்கிற மரம் வேலிக்கு உள்ளே நிற்கிறது. ஊரில் ஒருவரும் கண்ணகையை முகத்துக்கு நேரே ஏசவில்லை, தேனெடுக்கிற மச்சான் பிரதீஸைத் தவிர. "நாங்க மனு ஒண்டும் போடாம, முன்னோருக்குக் கொப்பு முறிச்சி வெச்சுக் கும்பிட்டுக்கொண்டு சும்மா இரிந்திருந்தா, வேலி வர இன்னும் ரெண்டு வருசமாவது போயிருக்கும்" என்றான். அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாய்க் கிடக்கிறது. எட்டரைக்குத் திறப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. ஆட்கள்தான் குறைந்துபோனார்கள்.

போன கிழமை உதயரூபன், திட்ட அலுவலகம் அச்சடித்த ஒரு புத்தகத்தோடு வந்தார். வழவழத்த தாள், கலர்ப்படம். அட்டையில் கண்ணகை கணினிக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எப்போதோ எடுத்த படம். உள்ளே, அறுபத்து நான்கு பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் ஆட்சேபத்தை இணையவழி அனுப்பிச் சாதனை படைத்தன என்று போட்டிருந்தது. அந்த ஆட்சேபம் என்னவாயிற்று என்று அச்சடித்தவர்களுக்கு எழுத இடம் காணவில்லை போலும். தூ, இதுவும் ஒரு பிழைப்பு! உதயரூபனுக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, வந்ததற்கு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று பதிவேட்டைக் கேட்டார்.

கண்ணகை புதுப்பக்கம் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். அதில் ஒரு பெயரும் இல்லை. அவர் பேனாவை முதற் கோட்டுக்குக் கொண்டுபோனார். அவள் உள்ளங்கையை விரித்து மேலே உள்ள மூன்று கோட்டையும் மூடினாள்.

"நாலாவதில வையுங்க சேர்."

அவர் கையெழுத்திட்டு முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.