கேசட்டை ஊதப் போய் ஊக்கு தொண்டையில்

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, கரண்ட்டில் ஓடும் எதைத் தொடவும் பயம். ஆனால் ஆபத்து வேறு வழியில் வந்தது.

மேனாம்பேட்டில் எங்கள் வீடு. ஒரு ஞாயிறு மதியம் பிள்ளைகளின் வீடியோ கேம் கேசட்டைப் போட்டால், டிவியில் வெறும் கோடுகள்தான் வந்தன.

"உள்ள தூசி கீது அண்ணி. நல்லா ஊதினா வந்துரும்" என்றார் கொழுந்தன்.

தாலிச் சரட்டிலிருந்த ஊக்கைக் கழற்றி, கேசட்டுக்குள் இருந்த அழுக்கை நோண்டினேன். புடவை கட்டும்போது செய்கிற பழக்கத்தில், ஊக்கைத் திறந்தபடியே உதட்டில் கவ்விக்கொண்டேன். பிறகு ஊதுவதற்காக மூச்சை வேகமாக இழுத்தேன். ஊக்கு தொண்டைக்குள் போய்விட்டது!

இருமவும் பயம், எச்சில் விழுங்கவும் பயம். கையால் தொண்டையைக் காட்டினேன்.

"அண்ணே, அண்ணி ஊக்க முழுங்கிட்டாங்க!" என்று கொழுந்தன் அலறினார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். சாலைப் பள்ளம் ஒவ்வொன்றிலும் உள்ளே சுருக்கென்று குத்தியது. பிள்ளைகளை இனி பார்ப்பேனா என்று அழுதேன்.

"ஒண்ணும் ஆவாதுடி, கம்முனு வா" என்றவர், ஆட்டோக்காரரிடம் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் ஊக்கு வாய் பிளந்து நின்றது. மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். "இன்னும் உள்ள போயிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

இப்போது கேசட்டை ஊதுவதே இல்லை, உலர்ந்த பஞ்சால் துடைக்கிறேன். எந்தப் பெண் உதட்டில் ஊக்கோடு நின்றாலும், அறிமுகமே இல்லாவிட்டாலும், "மொதல்ல அத எங்கிட்ட குடும்மா" என்று கையை நீட்டிவிடுகிறேன்.