சைக்கிள் டியூபும் ஒரு பொய் அலறலும்

டெஸ்மண்ட் ஹார்ட்விக்கோடு கடைக்குப் போவதைப் போன்ற தலைவலி வேறு கிடையாது. ரொட்டி வாங்கத்தான் போயிருப்போம். மனிதர் பாத்திர வரிசையில் நின்றுவிடுவார். மரக்கரண்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் பட்டென்று ஒரு தட்டு தட்டி, கண்ணை மூடி யோசிப்பார். அடுத்தது ரப்பர் கரண்டி. "சத்தம்தான் பெருசு, சரக்கு இல்ல" என்று என்னிடம் சொல்வார். கல்லாவில் இருக்கும் பெண்ணுக்கும் அது கேட்கும். நான் ஊறுகாய் பாட்டில்களைப் படிக்கிற மாதிரி தள்ளி நின்றுகொள்வேன்.

இங்கிலாந்தில் எங்கள் ஊரான செஸ்டர்ஃபீல்டில், மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் ஒரு பப்பின் மாடியில் கூடுகிற கூட்டம் நாங்கள். கட்டிப்போடுவதிலும் கட்டுப்படுவதிலும், அடிப்பதிலும் அடி வாங்குவதிலும் இன்பம் காண்கிற, வயது வந்த மனிதர்கள். பி.டி.எஸ்.எம். என்று அதற்குப் பெயர். ஆனால் மாடியில் நடப்பது டீயும் சாண்ட்விச்சும் ஊர்வம்பும்தான். எப்போதும் யாராவது கயிறும் கையுமாக இருப்பதால் பப்காரர் எங்களைப் பின்னல் வகுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாங்களும் திருத்தவில்லை.

டெஸ்மண்டுக்கு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. கடையில் விற்கிற தோல் சாட்டையை யாராவது பெருமையாகக் காட்டினால் அவருக்குப் பொறுக்காது. வீட்டில் இல்லாத எதைக் கண்டுவிட்டார்கள் என்று கேட்பார். ரொட்டி வெட்டும் பலகையை அறுத்து அடிக்கிற பலகை செய்வார். குளியல் அங்கியின் நாடாதான் அவருக்குக் கை கட்டும் கயிறு. துணிக்கிளிப்பு கொடியில் தொங்கியதைவிட அவர் படுக்கையறையில் இருந்ததுதான் அதிகம். எதைச் செய்தாலும் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, முதல் அடியைத் தன் தொடையில் தானே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் கையில் கொடுப்பார். இந்த ஒரு விஷயத்தில் அவரை நான் கேலி செய்ததே இல்லை.

இத்தனையும் அவர் செய்தது தான் வாங்கிக்கொள்வதற்கு. அடிப்பது அவர் மனைவி கிளெனிஸ். போதும் என்றால் சொல்வதற்கு இருவருக்கும் ஒரு சொல் உண்டு: ஸ்கெக்னெஸ். அது அவர்கள் தேனிலவுக்குப் போன கடலோர ஊர்; அங்கே நாள் தவறாமல் மழை, தங்கியதோ ஒழுகுகிற கேரவன் வண்டி. வீட்டுக்குப் போயிடலாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்களாம். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் கை நின்றுவிட வேண்டும்.

போன வருஷம் கிளெனிஸின் விரல்களை மூட்டுவாதம் பிடித்தது. பேக்கரியில் கேக்குக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்த விரல்கள் அவை. பலகையை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. ஆனால் டெஸ்மண்டின் அலறல் மட்டும் குறையவே இல்லை. குறையாதது மட்டுமா, கூடிக்கொண்டே போனது. கெட்டிக்காரிக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது.

ஒரு மாதக் கூட்டத்தில் டெஸ்மண்ட் தன் புதுப் பலகையைக் காட்ட எழுந்தார். கிளெனிஸ் அவருக்கு முன்னால் எழுந்துவிட்டாள்.

"நேத்து இந்த மனுஷனுக்குக் கண்ணைக் கட்டியிருந்தேன். நான் கையில எடுத்தது பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு. இவரு போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது."

மாடியே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தேன். கிளெனிஸ் சிரிக்கவில்லை என்பதை எல்லோரும் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தோம்.

"உன் கையப் பத்தி நீ வருத்தப்படக் கூடாதேன்னுதான்..." என்று இழுத்தார் டெஸ்மண்ட்.

"என் கை எப்படின்னு எனக்குத் தெரியும் டெஸ். உன் வாயைத்தான் நம்பியிருந்தேன். நீ கத்துறத வச்சுத்தானே நான் அளவு பாக்குறேன்? அதுவே பொய்னா, நிஜமா உன்னை நோகடிச்சா எனக்கு எப்படித் தெரியும்? இனிமே நான் எதையும் கையில தொட மாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள் அவள். கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எங்கள் கூட்டத்தில் எதற்கும் மன்னிப்பு உண்டு. பொய் வலிக்கு மட்டும் யாரும் சட்டென்று மன்னிப்புத் தருவதில்லை. டெஸ்மண்ட் அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு சாண்ட்விச்சைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்புறம் நடந்ததைக் கிளெனிஸ்தான் எனக்குச் சொன்னாள். ரொம்ப நாள் வீட்டில் டெஸ்மண்ட் எதையும் அறுக்கவில்லை, தேய்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை மனிதர் சமையலறை மேஜையில் பழைய சைக்கிள் டியூபைப் போட்டுக்கொண்டு, அவளிடம் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்: கையில் இப்போது எது முடியும், எது முடியாது? விரல் மடங்காது, மணிக்கட்டு நன்றாகத் திரும்பும் என்றாள். டியூபை நீள நீளப் பட்டைகளாக நறுக்கிக் குஞ்சம் போலக் கட்டினார். பிடி வைக்கவில்லை. மணிக்கட்டில் வளையலாக மாட்டிக்கொள்ள ஒரு வளையம் மட்டும் வைத்தார். விரலுக்கு வேலையே இல்லை.

வழக்கம்போல முதல் அடி அவர் தொடைக்கு. பிறகு அவளிடம் நீட்டினார். ஒரே ஒரு தடவை என்று சொல்லித்தான் அவள் வாங்கினாள்.

வீசினாள். "வலிக்கல" என்றார் டெஸ்மண்ட்.

மறுபடியும் வீசினாள். வலிக்கவில்லை என்றார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டதாம். அவமானம்தான், ஆனால் அது உண்மையான பதில் என்பதால் கழற்றிப் போடவில்லை. இன்னும் நாலு பட்டை சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார். இன்னும் வலிக்கவில்லை. வளையத்தை இறுக்கினார், நீளத்தைக் குறைத்தார். டீ ஆறிப்போனது. கிளெனிஸுக்கு மணிக்கட்டின் சூட்சுமம் பிடிபட்டது. சுளீரென்று ஒரு வீச்சு.

"ஸ்கெக்னெஸ்" என்றார் டெஸ்மண்ட், மூச்சு வாங்க.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு அழுதாளாம். அவரும் அழுதாராம், வலியிலா வேறெதிலா என்று அவள் கேட்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ரப்பர் குஞ்சம் கைக்குக் கை மாறியது. டெஸ்மண்ட் மட்டும் டீயை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காரேன்" என்றாள் கிளெனிஸ்.

"பரவாயில்ல, நிக்கிறேன்."

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நடிக்கிறியா?"

"இல்ல."

இன்னும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மெத்தையை அவர் நாற்காலியில் போட்டாள்.