ரம்பத்தின் மேல் கால் வைப்பது

எங்கள் ஊர் மர மில்லில் ஓடும் ரம்பம் பதின்மூன்று அடி நீளமுள்ள ஓர் இரும்புப் பட்டை. இரண்டு முனைகளையும் பற்றவைத்து வளையமாக்கியிருப்பார்கள். ஓரம் முழுக்கப் பல். இரண்டு சக்கரங்களில் மாட்டி இழுத்துக் கட்டிவிட்டால், மரவள்ளிக் கிழங்கை நறுக்குவதுபோல மரத்தை நறுக்கித் தள்ளும். கழற்றிக் கையில் எடுத்தால் அதே பட்டை வேறு ஆளாகிவிடும். அதை மூன்று வளையமாகச் சுருட்டி, கட்டி, சாக்கில் போட்டால்தான் கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் கடந்து, அடிவாரத்துச் சாணைப் பட்டறைக்கு பஸ்ஸில் போகும். சுருட்டாமல் கொண்டுபோனால் கண்டக்டர் ஏற்றமாட்டார். அவர் செய்வது சரி.

நான் முப்பது வருடம் கீழே ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். விபத்து நடக்காத நாளெல்லாம் தேவையில்லாதவனாகத் தெரிவதும், நடந்த அன்று எங்கே போயிருந்தாய் என்று கேட்கப்படுவதும்தான் அந்த வேலை. ஓய்வு பெற்றதும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களோடு ஒரு துண்டு நிலம் வாங்கிக் கொல்லிமலைக்கு வந்துவிட்டேன். அலமாரிக்குப் பலகை அறுக்கலாம் என்று நான்கு மரங்களை வாசலூர்பட்டிப் பக்கத்து மில்லுக்குக் கொண்டுபோனேன். அறுத்து முடிக்கும் வரை நின்று பார்த்தேன். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாளே பிளேடைச் சுருட்டும் முறையைப் பதினான்கு படிகளாக எழுதி, லேமினேட் செய்து, மில் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை.

மில் முதலாளி முள்ளுக்குறிச்சிக்காரர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை தெரிந்த மனிதர். என் தாளை ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தார். பிறகு அதன் மேல் காலண்டர் மாட்டினார். முதல் எட்டுப் படிகள் மறைந்துபோயின.

அந்த மில்லில் பலகை சுமக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான்கு வருடமாகப் பலகையும் சக்கையும் மரத்தூளும் அவர் தலையில் ஏறித்தான் மில்லைவிட்டு வெளியே போயின. இந்த வருடம் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனித் தலைச்சுமை ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதே மாதம் மெசின் ஓட்டியவர் திருப்பூருக்குப் போய்விட்டார். மெசினில் நிற்பதற்குக் கழுத்து முக்கியமில்லை; கையும் காதும் போதும். பிளேடு மழுங்கத் தொடங்குவதை அந்த அம்மா சத்தத்திலேயே சொல்லிவிடுவார். பாய்க்கும் அவரைப் போடத்தான் விருப்பம். ஆனால் மெசினில் நிற்பவர் பிளேடைத் தனியாளாகக் கழற்றி, சுருட்டி, வேறொன்றை மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் அது கைவராவிட்டால், ஒவ்வொரு முறையும் அடிவாரத்திலிருந்து வந்து மாட்டிக்கொடுக்கும் மிஸ்திரியையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சுமக்க முடியாதவருக்கு மில்லில் வேறு வேலை கிடையாது.

புதன்கிழமை காலை அந்த அம்மா என் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், அந்தக் காலண்டருக்குக் கீழ இருக்கறத எழுதுனது நீங்கதானுங்களே?"

"ஆமாம்மா."

"மேல இருக்கறதையுஞ் சொல்லிருங்க."

என் வாழ்நாளில் யாரும் தானாக வந்து நடைமுறை கேட்டதில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முதல் இரண்டு படிகளைச் சொல்லி முடித்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பல் தேய்ந்த பழைய பிளேடு ஒன்றை மெசினில் மாட்டி ஆரம்பித்தோம். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு போட வேண்டும். கையுறை, கண்ணாடி, ஷூ. இழுவையைத் தளர்த்திப் பட்டையைச் சக்கரத்திலிருந்து எடுத்து, பல் நம்மைப் பார்க்காதபடி எதிரே வளையமாக நிறுத்த வேண்டும். வளையத்தின் அடியைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பியபடி மேல்பக்கத்தைக் கீழே சாய்த்தால், பட்டை தானே புரண்டு மூன்று வளையமாக ஒன்றின்மேல் ஒன்று விழும். கேட்பதற்கு யோகாசனம் மாதிரி இருக்கும். செய்ய ஆகும் நேரம் பத்து விநாடி.

அந்த அம்மா ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தார். பாதத்தை வைக்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"கால வெக்கறதுங்களா?"

"ஆமா."

"இதும் மேலயா?"

"அது மேலதான்."

"அதெப்படிங்க சார், சோறு போடறத மிதிக்கறது?"

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு அந்த மில்லில் ரம்பத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பொரிகடலை பாய் வாங்கித் தருவது. குங்குமம் வைத்த இடத்தில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்று நான் ஒருமுறை சொல்லப்போக, அந்த வருடம் பொரி என் கையில் கொஞ்சம் குறைவாகவே விழுந்தது.

"பழைய ஆளு மிதிச்சாரேம்மா?"

"மிதிச்சாரு. வெரலு என்னாச்சுங்க?"

பழைய ஆளின் சுட்டுவிரல் நுனி போனது உண்மை. கையுறையில்லாமல் பிளேடைத் துடைத்ததால் போனது. நானே விசாரித்துத் தெரிந்துகொண்டது. ஒரே விரலுக்கு இரண்டு விபத்து அறிக்கைகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மாவின் அறிக்கைக்குத்தான் ஊரில் சாட்சிகள் அதிகம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த பாய் எழுந்து வந்து தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். "இங்க பாரும்மா, வெளிநாட்டுக்காரன் பூட்ஸ் காலோட ஏறி நிக்கிறான். அவனுக்கு என்ன ஆச்சு?"

"அவுங்க புஸ்தகத்தக்கூட காலால தள்ளுவாங்களாமா. நாமளும் தள்ளலாங்களா பாய்?"

பாய் யோசித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அதுவுஞ் செரிதான் சார். எங்கூட்லயும் சோத்துப் பருக்கை கீழ கெடந்தா, எடுத்து ஓரமா வெச்சிட்டுத்தான் நடப்போம்."

என் பக்கம் இருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

மறுநாள் அந்த அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்து வந்தார். காலால் மிதிக்க வேண்டாம், முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளலாம் என்றார். வேண்டாம் என்று நான் சொல்ல வாயைத் திறந்து மூடுவதற்குள் இடுக்கிச் சுருட்டத் தொடங்கிவிட்டார். பாதி மடிந்த பட்டை பிடியிலிருந்து நழுவி விரிந்தது. குடிதண்ணீர் டிரம்மில் மோதி அதைக் கிழித்துவிட்டுத் தரையில் கிடந்து ஆடியது. தண்ணீர் மரத்தூளில் ஓடிக்கொண்டிருக்க, அந்த அம்மா தன் சேலையைப் பார்த்தார். முழங்காலுக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"சேலைதானுங்க."

"சேலைக்கு உள்ள கால் இருக்கும்மா," என்றேன். பல் தேய்ந்த பிளேடு என்பதால் தப்பித்தோம்.

வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்கு அடிவாரம் இறங்கிவிடுவார். மில் பாதி நாள் ஓடாது. சுவரில் கொக்கி அடித்து அதில் பட்டையை மாட்டிப் பார்த்தோம். புரளவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு மரக்கட்டையின் அடியில் பட்டை பொருந்தும்படி பள்ளமாகக் காடி வெட்டி, அதைப் பட்டையின் மேல் வைத்து, கட்டையின் மேல் கால் வைத்தால்?

"நீங்க மிதிக்கிறது கட்டையத்தாம்மா. ரம்பத்த இல்ல," என்றேன். விதியை மீறாமல் விதியைத் தாண்டுவதுதான் முப்பது வருடத்தில் நான் உண்மையாகக் கற்ற தொழில்.

அவர் சிரித்தார். "கட்டைக்கு அடியில யாருங்க இருக்கா?"

"ரம்பம்."

"அதுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

மரத்தடி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டோம். எனக்குத் தோன்றிய எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன். திங்கட்கிழமைக்கு இடையில் இரண்டு நாள்தான் இருந்தது. அந்த அம்மா கழுத்தைத் தடவியபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்.

"சார், எங்கூட்டுக்காரரு பலா மரம் ஏறையில மொதல்ல மரத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாரு. அப்பறந்தான் கால வெப்பாரு. மிதிக்காம மரம் ஏற முடியுங்களா?"

"முடியாது."

"அப்ப இதுக்கும் மொதல்லயே கேட்டுட்டு மிதிச்சாக்கா?"

"முன்ஜாமீன் மாதிரி."

"அதென்னங்க?"

"தப்பு பண்றதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சிக்கிறது. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வாங்குவாங்க."

"அவுங்களே வாங்கறாங்கன்னா நானும் வாங்கிக்கறேன்," என்று எழுந்தார்.

பட்டையைக் கழற்றி வளையமாக நிறுத்தினார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் உறையைப் பல்லால் கடித்து உருவி, குனிந்து அதன் அடியைத் தொடப்போனார். நான் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காக்கைகள் பறந்தன. விடுபட்ட பட்டை, ஒரு கைப்பிடி, வெறும் விரல், குனிந்த முகம். பதினான்கு படிகளில் நான் தடுக்க நினைத்த அத்தனையும் ஒரே மன்னிப்பில் வந்து சேர்ந்திருந்தன.

"உறையோட தொட்டா என்னம்மா?"

"செருப்போட கோயிலுக்குள்ள போவீங்களா சார்?"

இது எனக்குப் பழகிய வகைச் சிக்கல். இரண்டு விதிகள், இரண்டும் சரி, ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கமாட்டா. இப்படிப்பட்ட இடத்தில் விதியில் கை வைக்கக் கூடாது. வரிசையை மாற்ற வேண்டும். சுவிட்சைப் பூட்டிய பிறகு, இழுவையைத் தளர்த்துவதற்கு முன்னால் ஓர் இடம் இருக்கிறது. அப்போது பட்டை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விறைப்பாக நிற்கும், எங்கும் ஓடாது. பல் இல்லாத தட்டையான பக்கத்தை வெறும் கையால் தொடலாம். கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் பிறகு உறை மாட்டலாம்.

"அங்க கேட்டது இங்க வரைக்கும் செல்லுங்களா?" என்று கேட்டார்.

"கழட்டி நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசத்துல மனசு மாறாதும்மா."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"மேலதிகாரிங்களப் பாத்த அனுபவம். போட்ட கையெழுத்த அன்னிக்கே மாத்தமாட்டாங்க."

அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து, பட்டையின் சுபாவம் கைக்குப் பிடிபடும் வரை சுருட்டிச் சுருட்டிப் பார்த்தார். நான் பதினைந்து படிகளோடு புதுத் தாள் எழுதினேன். மூன்றாவது படி: ‘கையுறை அணியும் முன், பட்டையின் தட்டையான பக்கத்தைத் தொட்டு வணங்கவும்.’ எழுதிய நடைமுறைகளிலேயே, கண்காணிக்க ஆள் போடாமல் பின்பற்றப்படும் ஒரே வரி இதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மிஸ்திரியும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார். முப்பது வயதுக்காரர். வேலை தனக்குத்தான் என்ற நினைப்போ என்னவோ, சொந்தக் கையுறையோடு வந்திருந்தார். மெசினில் இருந்தது பழைய பிளேடு அல்ல. அன்று காலை வரை பாயே நின்று மரம் அறுத்த பிளேடு. மழுங்கியது மரத்துக்குத்தான், விரலுக்கு இன்னும் கூர்மைதான்.

"அக்கா, பாத்து. பாம்பு மாதிரி அது. பிடி வுட்டாக் கொத்திரும்."

"பாம்பா இருந்தா இத்தன கிட்ட நின்னு வேடிக்க பாப்பீங்களா தம்பி? எட்டிப் போங்க."

மிஸ்திரி எட்டிப் போனார். நானும் போனேன்.

அந்த அம்மா சுவிட்சைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாய் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கண்ணாடி, கையுறை. இழுவை தளர்ந்தது, பட்டை கழன்று வந்தது, வளையமாக நின்றது. மகனுடைய கேன்வாஸ் ஷூவில் இருந்த அவர் கால் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது.

மணிக்கட்டுகள் திரும்பின. பட்டை பாதி வழியில் புரண்டு, எட்டு என்ற எண்ணைப் போல முறுக்கி நின்றுவிட்டது. மிஸ்திரி தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தார். அவர் கை பட்டால் தனியாளாகச் செய்ததாக ஆகாது.

"கை போடாதீங்க," என்றார் அந்த அம்மா, அவரைப் பார்க்காமலே.

காலை எடுக்கவில்லை. அவசரப்படவில்லை. வந்த வழியிலேயே பட்டையை மெல்லத் திருப்பி உயர்த்தினார். மூச்சு விட்டார். மறுபடி சாய்த்தார். மூன்று வளையங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து படுத்தன. மூன்று இடங்களில் கயிறு போட்டு இறுக்கினார். பிறகு தளத்தில் தயாராக இருந்த புது பிளேடை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல விரித்து, சக்கரத்தில் மாட்டினார்.

"நான் ரெண்டு எடத்துலதான் கட்டுவேன்," என்றார் மிஸ்திரி.

"உங்களுக்கு பஸ்ஸுக்கு அவசரமுங்க தம்பி."

மிஸ்திரி சிரித்துவிட்டார். "நல்லாருங்கக்கா. எழுபது வளைவும் ஏறி எறங்கி எனக்கும் கொமட்டித்தான் போச்சு."

பாய் எழுந்தார். "செரிம்மா. இனி மெசினு உம்பொறுப்பு. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு."

"நாளைக்கு ஆவாதுங்க பாய். எங்க காட்டுல மொளகு பறிக்க ஆளு வருது. நாளன்னிக்கு வாரேன்."

"வேல கெடச்ச அன்னைக்கே லீவா?"

"கெடைக்காட்டி லீவு யாருகிட்டீங்க கேக்கறது?"

பாய் நியாயம் கேட்டு என் முகத்தைப் பார்த்தார். விடுப்பு விதிகளும் எனக்கு மனப்பாடம்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டார், காரணமும் சொல்லிவிட்டார், குறை எதுவும் இல்லை என்றேன்.

அந்த அம்மா அதற்குள் சுருளைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டியிருந்தார். அதை மிஸ்திரியின் பக்கம் தள்ளி வைத்தார்.

"கீழதானுங்களே போறீங்க தம்பி, இத சாணைக்குக் குடுத்துருங்க. புதங்கெழமை எனக்கு வேணும்."