ஆள் ஏறாத கூண்டு

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஆறு மாடிக் கட்டிடத்து வாசலில் சுப்பராயன் காவலுக்கு நின்றான். நின்றான் என்றால் நின்றபடியேதான், காலை எட்டிலிருந்து சாயங்காலம் எட்டு வரைக்கும். உட்காரக் கூடாது என்பது அவனை வேலைக்கு அனுப்பின ஏஜென்சியின் சட்டம். வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் கண்ணுக்கு நன்றாக இருக்காதாம். உள்ளே அறுநூறு பேர் உட்கார்ந்தே சம்பாதிக்கிறார்கள். அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

வயது அறுபத்தொன்று. கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கேயே பதினாறு வருஷம் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவன். தங்கத்தில் ஒரு குன்றிமணி அவன் வீட்டுக்கு வரவில்லை, வலது முழங்காலில் ஒரு வலி மட்டும் வந்து தங்கிவிட்டது. மைன்ஸை மூடினதும் பெங்களூருக்கு வந்தான். பீன்யாவில் ஒரு பாக்டரியில் பதினைந்து வருஷம் இரும்புத் தகடு தூக்கினான். முழங்கால் மடங்க மாட்டேன் என்றதும் காக்கிச் சட்டைக்கு வந்தான். மடங்காத காலை வைத்துக்கொண்டு நிற்கிற வேலைக்கு வந்தானே, அதைச் சொல்லுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி ஞானம்மாள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். கொடுக்கும்போதே திட்டுவாள். "ஒரு ஸ்டூலு கேக்க வாயில்ல. ஊருக்கெல்லாம் சலாம் போட மட்டும் கை இருக்குது."

கேட்டிருக்கிறான், கேட்காமல் இல்லை. ஏஜென்சி சூப்பர்வைசர் முனிகிருஷ்ணன், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ சுப்பராயண்ணா" என்று சொல்லிவிட்டு பைக்கில் உட்கார்ந்து போய்விட்டான்.

அந்தக் கட்டிடத்து மூன்றாவது மாடியில் கேம் செய்கிற ஒரு கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஆறு பேர், ஒரு காபி மிஷின், தரையெல்லாம் புல்லு மாதிரி ஒரு பச்சைக் கார்பெட். முதலாளி சித்தார்த்துக்கு முப்பது வயசு இருக்கும். பெரிய கம்பெனி தயவு இல்லாமல் சுதந்திரமாக கேம் செய்கிறோம், அதற்கு இண்டி என்று பெயர் என்பான். சுதந்திரத்துக்கு மாமனார் வாடகை கட்டினார்.

அவர்கள் கேம் டிவியில் ஆடுகிற கேம் இல்லை. கண்ணில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆடுகிறது. செக்கு மாட்டுக்குக் கண்ணைக் கட்டுவார்களே, அப்படி. மாடாவது எண்ணெய் ஆட்டியது. இவர்கள் கட்டிக்கொண்டு வெறும் காற்றில் கையை வீசுவார்கள், கொசு பிடிக்கிற மாதிரி. போட்டுப் போட்டு அந்தப் பெட்டியின் பஞ்சில் ஆறு பேருடைய வியர்வையும் ஊறிக் கிடக்கும். அதற்குள் மூஞ்சியை நுழைத்துக்கொண்டு "வாவ்" என்பார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மேம்பாலம், பஸ்ஸு, வானம் எல்லாம் சும்மாவே இருந்தது. அதைப் பார்க்க ஆளில்லை.

சித்தார்த் செய்துகொண்டிருந்த கேம் தங்கச் சுரங்கத்தைப் பற்றி. இது சுப்பராயனுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் பார்சல் கையெழுத்து வாங்க வந்த சித்தார்த், ரிஜிஸ்டரில் அவன் ஊர்ப் பேரைப் பார்த்துவிட்டான்.

"அங்கிள், நீங்க கேஜிஎஃப்பா? மைன்ஸ்ல இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

"என் தாத்தாவும் மைன்ஸ்தான் அங்கிள். இட்ஸ் இன் மை ப்ளட்."

சுப்பராயனுக்கு மனசு குளிர்ந்தது. "எந்த ஷாஃப்ட்டுல எறங்குவாரு சார்? அவர் பேரு சொல்லுங்க, தெரிஞ்சாலும் தெரியும்."

"ஷாஃப்ட் எல்லாம் தெரியாது. அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தான். தாத்தா ஆஃபீஸ் கிளார்க்காம். கீழே இறங்கினதே இல்லையாம். "பட் அந்த ஃபீலிங் இருக்கு அங்கிள்" என்றான். கிளார்க்கு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஃபீலிங்காக இருக்கும்.

விஷயத்துக்கு வருவோம். ஏதோ வெளிநாட்டு எக்ஸிபிஷனிலிருந்து இரண்டு பேர் கேமைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அன்றைக்கு ஒரு உண்மையான சுரங்கத் தொழிலாளி அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கேமுக்குள் இறங்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும். பழசெல்லாம் ஞாபகம் வந்து அவன் கண் கலங்கினால் ரொம்ப நல்லது. இதுதான் சித்தார்த் கேட்டது.

"கட்டாயம் அழணும்னு இல்ல அங்கிள். நேச்சுரலா வந்தா விட்றாதீங்க."

அதற்குப் பதிலாக அவன் சொன்னது: "எங்க ஃப்ரண்ட் டெஸ்க்குல ஒரு ஆள் வேணும். உங்களையே கேட்டு ஏஜென்சிக்கு மெயில் போடறேன். உள்ள சேர் இருக்கு. நாள் பூரா உக்காந்துக்கலாம்."

சுப்பராயன் அந்த நாற்காலியை எட்டிப் பார்த்தான். கறுப்பு நாற்காலி, சக்கரம் வைத்தது. முதுகுக்கு வலை. முட்டிக்குக் கீழே காலை நீட்ட நிறைய இடம்.

வீட்டில் சொன்னதும் ஞானம்மாள் ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். "அழணுமாமா? எங்க அப்பன் செத்தப்போ வாசல்ல நின்னு பீடி புடிச்சவன் நீ. நாற்காலிக்காவது அழு போ."

"அழ வராதுடி."

"வெங்காயம் ஒண்ணு ஜோபில போட்டுக்கோ. நான் தினமும் அழறேன், எவன் வந்து வீடியோ புடிச்சான்?"

சுப்பராயன் கீழே என்ன வேலை பார்த்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், சித்தார்த் அதைக் கேட்கவேயில்லை. அவன் பாறை உடைத்தவன் இல்லை. கம்பியை இழுத்துக் கூண்டுக்கு மணி அடிக்கிறவன். ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டு, ஒரு இரும்புக் கயிற்றில் தொங்கும். அதை ஓட்டுகிற டிரைவர் மேலே எங்கேயோ இஞ்சின் ரூமில் இருப்பான். கீழே நடப்பது அவன் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மணிதான் தெரியும். ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இன்னும் ஆழத்துக்கு இறக்கு. மூன்று அடித்தால், ஆள் ஏறப் போகிறது, அசைக்காதே. மேலேயிருந்து அவனும் மூன்று அடித்து, சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் முதல் ஆள் காலைத் தூக்கிக் கூண்டுக்குள் வைக்கலாம். எல்லாரும் ஏறி, கதவு சாத்தினபிறகுதான் இரண்டு.

ஒரு ஷிஃப்டில் வேறொரு மணிக்காரன் அவசரத்தில் மூன்றை விட்டுவிட்டு இரண்டு அடித்தான். ஒரு ஆள் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. தூக்கிக்கொண்டு போனவர்களில் சுப்பராயனும் ஒருத்தன். அந்த ஆளின் பேரை அவன் வீட்டில்கூடச் சொன்னதில்லை. அதற்கப்புறம் அவன் மணிக்கம்பி பக்கத்தில் நின்ற வருஷமெல்லாம், மூன்றும் மூன்றும் கேட்காமல் ஒருத்தன் கால் வைத்ததில்லை. வைக்கப் போனவனை நெஞ்சில் கை போட்டுத் தள்ளியிருக்கிறான். கெட்ட வார்த்தையில் திட்டு வாங்கியிருக்கிறான். அவனைக் கேட்டால், தன் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்தது இது ஒன்று என்பான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்றாவது மாடியில் சுரங்கத்தையே கொண்டுவந்துவிடுவதாக ஏற்பாடு. கீழே வெக்கையாக இருக்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறார்கள். அதனால் ஒரு ஹீட்டர். ஏசியை நிறுத்தினால் கம்ப்யூட்டர் சூடாகிவிடும் என்று ஏசியும் ஓடியது. சுப்பராயனுக்கு முன்பக்கம் வேர்த்தது, முதுகு குளிர்ந்தது. ஈர மண் வாசனைக்கு ஒரு சென்ட் பாட்டில். கூண்டு ஆடுகிற மாதிரி தெரிவதற்கு நடுங்குகிற ஒரு பலகை. சுனிதா என்கிற பெண் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி வைத்தாள். அந்த இரண்டு எக்ஸிபிஷன்காரர்களும் சோபாவில் காபியோடு உட்கார்ந்தார்கள். சித்தார்த் அவர்களிடம், "ஃபுல் இம்மெர்ஷன்" என்று நாலு தடவை சொன்னான்.

சுப்பராயன் மூஞ்சியில் பெட்டியைக் கட்டினார்கள். இருட்டு. அப்புறம் சுரங்கம்.

இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. பாறை, தண்டவாளம், மஞ்சள் பல்பு. ஆனால் பாறையெல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளவென்று இருந்தது. பக்கத்தில் மூன்று பொம்மை ஆட்கள். எல்லாருக்கும் நல்ல பல்வரிசை. மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்த்தால் பச்சைக் கார்பெட்டும் அவன் ஷூவும் தெரிந்தது. பொய் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேறு மாதிரி சொன்னார்கள்.

கூண்டு வந்து நின்றது. கதவு திறந்தது. மணி இரண்டு தடவை அடித்தது.

"இப்ப முன்னால ஒரு ஸ்டெப் வைங்க அங்கிள்" என்றது சித்தார்த்தின் குரல். "உள்ள போங்க."

சுப்பராயன் வைக்கவில்லை.

"அங்கிள்? ஒரே ஒரு ஸ்டெப்."

"மணி தப்பு சார்."

"என்ன?"

"ரெண்டு அடிச்சிருக்கு. கதவு தொறந்திருக்கு. மூணு அடிக்கட்டும்."

"அது வெறும் சவுண்ட் எஃபெக்ட் அங்கிள். நீங்க வைங்க."

அவனுக்கு அந்தக் கறுப்பு நாற்காலி ஞாபகம் இருந்தது. ஒரு அடி. ஒரு அடி எடுத்து வைத்து, மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினால் போதும். காலைத் தூக்கிப் பார்த்தான். இந்தத் தடவை முழங்கால் தடுக்கவில்லை, வேறு ஏதோ தடுத்தது. கூண்டு விட்டுப் போய், மறுபடி வந்து நின்றது. மறுபடி கதவு, மறுபடி இரண்டு மணி. மூன்றாவது தடவை அந்தப் பல்வரிசை பொம்மைகள் மூன்றும் அவனைத் தாண்டிக் கூண்டுக்குள் போகக் கிளம்பின.

சுப்பராயன் இரண்டு கையையும் அகல விரித்து மறித்தான். வலது கை சென்ட் பாட்டிலில் பட்டு, அது பறந்து சோபாக்காரர் மடியில் கொட்டியது. அவர் மேலெல்லாம் ஈர மண் வாசனை. இடது கை மணிக்கம்பியைத் தேடியது. கம்பி படத்தில் இருந்தது, கைக்குச் சிக்கவில்லை. பக்கத்தில் இரும்பு பீரோ இருந்தது. அதை விரல் முட்டியால் தட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. தட்டிவிட்டு, பதில் வருமென்று தலையைச் சாய்த்துக் காத்து நின்றான்.

ஏசி ஓடும் சத்தம் கேட்டது. ஹீட்டர் முனகியது. யாரும் பதில் தட்டவில்லை. ஆறு பேர் இருந்தார்கள், ஒருத்தராவது பீரோவில் மூன்று தட்டு தட்டியிருக்கலாம். நாற்காலி நாள் பூரா அவனுடையதாகியிருக்கும், அவர்களுக்கு வீடியோவும் கிடைத்திருக்கும். அவர்களுக்கு அது தோன்றவில்லை. சித்தார்த் மட்டும், "ஸ்டெப் வைங்க அங்கிள், ஸ்டெப்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு சுப்பராயன் பெட்டியைக் கழற்றினான். உள்பஞ்சைச் சட்டைக் கையால் துடைத்து, மேஜைமேல் வைத்தான்.

"ஆள் ஏறலை சார்" என்றான். "நானும் ஏத்த மாட்டேன்."

"கேம் அங்கிள் இது. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஆவாது சார். தெரியும்."

தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, லிஃப்ட் பட்டனை அமுக்கிக் கீழே வந்து, வாசலில் தன் இடத்தில் நின்றான். ஏஜென்சிக்கு மெயில் எதுவும் போகவில்லை. திங்கட்கிழமை அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானம்மாள் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பொம்மைக்கு மணி அடிக்கலன்னு நாற்காலிய வுட்டியா? உன்ன வெச்சு நான் இன்னா பண்றது." கொஞ்ச நேரம் கழித்து ஒத்தடத் துணியை வைத்துக்கொண்டே கேட்டாள், "மூணும் பொம்மைதானே?"

"பொம்மைதான்."

"தள்ளினியா?"

"மறிச்சேன்."

மறுநாள் காலை ஞானம்மாள் சோற்று டப்பாவோடு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும் அவன் கையில் கொடுத்தாள். சுப்பராயன் அதை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய், வாசல் கேட் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் செய்யாததை எப்படிச் செய்தான் என்று கேட்டால், அந்த மூன்றாவது மாடியில் ஒரு தடவை மாட்டேன் என்று சொல்லிப் பார்த்துவிட்டான், இரண்டாவது தடவை அத்தனை கஷ்டமாக இல்லை.

பதினோரு மணிக்கு முனிகிருஷ்ணன் பைக்கில் வந்தான். "இன்னாண்ணா இது? எந்திரி."

"முட்டி வலிக்குது. மாட்டேன்."

"க்ளையன்ட் பார்த்தா என் வேலை போயிடும்ணா."

"நீ பைக்க வுட்டு எறங்கு. ரெண்டு பேரும் ஒண்ணா நிப்போம்."

முனிகிருஷ்ணன் இறங்கவில்லை. அந்த வாரமே சுப்பராயனை அத்திபெலேக்கு மாற்றிவிட்டான், லாரி வந்து போகிற ஒரு கோடவுனுக்கு. அது தண்டனையாம். கட்டிட வாசலில் நின்றவனைத் தூசிக்குள் தள்ளிவிட்டார்கள்.

அங்கே ஒரு நாள் ஓசூர் லாரி டிரைவர் அசோகன் போனை நீட்டினான். "அண்ணே, இது நீதானே?"

சித்தார்த்தின் வீடியோ. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற சுப்பராயன். பின்னால் வயலின் அழுதது. அடியில் எழுதியிருந்ததை அசோகன் படித்துக் காட்டினான்: சுரங்கத்தை விட்டு இருபத்து நாலு வருஷமாகியும் இருட்டைக் கண்டு உறைந்து போன தொழிலாளி. மூன்று தட்டு தட்டினதை வெட்டி எடுத்துவிட்டார்கள். பார்த்தவர்கள் நிறைய பேராம். அழுகிற பொம்மை மூஞ்சிகளாகப் போட்டிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு அழுகிறவர்களுக்கு அதுவே அதிகம்.

"பயந்துட்டியாண்ணே?"

"மணி அடிக்கல, ஏறல" என்றான் சுப்பராயன். "உன் சலானைக் காட்டு."

அன்றைக்குச் சாயங்காலம் ஞானம்மாள் வெந்நீரை வைத்துவிட்டு, "புது எடம் எப்படிக் கீது?" என்று கேட்டாள்.

"தூசி. ஆனா கேக்கறதுக்கு ஆளு கெடையாது. உள்ள ஒரு பழைய நாற்காலி கெடந்துச்சு."

"எத்தன காலு?"

"மூணு. நாலாவதுக்குச் செங்கல்லு வெச்சேன்."

"ஒக்காந்தியா?"

"ஒக்காந்தேன்."

"அப்ப எதுக்கு இந்த வெந்நீரு" என்றாள் அவள். சொல்லிவிட்டு, துணியைப் பிழிந்து முட்டியில் வைத்தாள்.