கிளிப்பச்சை இருந்த ஃபோன்

'ஆடி, இரண்டாம் வெள்ளி, காலை 9.10. என் ஃபோனின் பாதுகாப்புத் திருத்தத் தேதி: மூன்று ஆண்டு ஒரு மாதம் பழையது. அதே திரையில் எழுதியிருப்பது: உங்கள் ஃபோன் புதுப்பித்த நிலையில் உள்ளது.'

அன்றைய குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. வழக்கமாக மழை, மின்தடை, சேத்தியாத்தோப்பு பஸ் நேரம் மாறியது என்று அரைப் பக்கமாவது எழுதுவேன். அன்று இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை.

ஃபோனின் ஓட்டைகளைக் கடைசியாக அடைத்த நாளைக் காட்டும் அப்படி ஒரு தேதி செட்டிங்ஸுக்குள் இருப்பதே, முந்தைய நாள் ஒரு பத்திரிகைத் துணுக்கில் படித்துத்தான் எனக்குத் தெரியும். அதற்கு முன்பும் பார்க்காமல் இருந்தவன் இல்லை. மாதம் பிறந்ததும் 'அப்டேட் இருக்கிறதா' என்ற பொத்தானை அழுத்துவேன். புதுப்பித்த நிலையில் உள்ளது என்று வரும். குறிப்பேட்டில் 'ஃபோன்: சரி' என்று எழுதுவேன். பழைய பக்கங்களைப் புரட்டி எண்ணினேன். முப்பத்தேழு 'சரி'. என் கையெழுத்தில், நீல மையில். அந்த முப்பத்தேழு மாதமும் அதற்கு ஒன்றுமே வரவில்லை.

அந்தப் பதற்றத்தில் மனைவியின் ஃபோனை எடுத்தேன். அது புதியது. அதற்கு அப்டேட் வந்திருந்தது, தை மாதத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தது. கேட்கும்போதெல்லாம் அவள் 'பிறகு' என்பதை அழுத்தியிருக்கிறாள்.

"ஆறு மாசமா இது கேட்டுக்கினே இருக்குதும்மா."

"கேக்கட்டும். திங்கக்கிழம டிராலி ஏத்தணும். ஓடற சூளையில யாராவது கைய வெப்பாங்களாங்க?"

அவள் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் கொட்டகையில் கொலு பொம்மை செய்கிறோம். போன வருஷம் வலப்பக்கம் பார்க்கும் பீங்கான் கிளிகளை ஒரு சென்னைக் கடைக்கு அனுப்பினோம். இந்த வருஷம் அதே கடை, அவற்றுக்கு ஜோடியாக இடப்பக்கம் பார்க்கும் கிளிகளைக் கேட்டிருந்தது. வாங்கியவர்கள் வீட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் போகின்றன. பச்சை சற்று மாறினாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். முதல் சூடு முடிந்த முந்நூறு கிளிகள் வெள்ளை வெளேரென்று பலகையில் காத்திருந்தன. மேலே பளபளப்புக்குப் பூசும் கிளேஸைக் கலந்து பூசி, டிராலியில் அடுக்கிச் சூளைக்குள் தள்ள வேண்டியதுதான் பாக்கி. கிளேஸ் கலந்துகொண்டிருந்தவர் மாசியில் வடக்கே ஒரு டைல்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டார். போகும்போது கிளிப்பச்சையின் அளவை மனைவியின் ஃபோனுக்குக் குரல் பதிவாக அனுப்பினார். இப்போது அவர் எண்ணுக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. அந்தப் பதிவு வேறெங்கும் இல்லை. ஊரில் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் நான் அதை எழுதவில்லை. ஃபோனில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அவள் கிளிகளுக்குத் தூசி தட்டப் போனாள். நான் ஃபோனைச் சார்ஜரில் மாட்டி, அவளைக் கேட்காமல் 'நிறுவு' என்பதை அழுத்தினேன்.

பத்து நிமிடத்தில் பன்னிரண்டு சதவீதம். அரை மணியில் முப்பத்தொன்று. ஃபோன் சுட ஆரம்பித்தது. ஆடி வெயில், மேலே தகரக் கூரை. மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது விசிறி ஓடவில்லை. ஃபோனையும் காணவில்லை. மேஜை மேல் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருந்தது. சூளைக் கதவின் இடுக்கில் அடைப்போமே, சூடு வெளியே போகாமல் காக்கும் அந்தப் பஞ்சுப் போர்வையின் துண்டு. மனைவி ஃபோனை அதற்குள் சுற்றி, மேலே ஒரு துணியும் போர்த்தியிருந்தாள்.

"என்னாம்மா இது?"

"நீங்க என்னா பண்ணி வெச்சீங்கன்னு நான் கேக்கணும். கொதிக்கிது. அதுமேல காத்த வேற அடிக்க விட்டிருக்கீங்க. வெடிச்சிடாது? மொள்ள ஆறட்டும்னு சுத்தி வெச்சேன்."

இருபத்திரண்டு வருஷம் சூளையிலிருந்து சரக்கு இறக்கிய கை அது. சூடான பீங்கானில் காற்றுப் பட்டால் விரிசல் விடும். மூடி வைத்து ஆற விட வேண்டும். யோசிக்காமலே அந்தக் கை அப்படித்தான் செய்யும். பொட்டலத்தைப் பிரித்தேன். திரை கறுப்பு. பொத்தானை அழுத்தினேன், நெடுநேரம் அழுத்திப் பிடித்தேன். ஒன்றும் இல்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. கிளிகள் இருந்த பலகையைப் பார்த்தாள். "பதிவு போச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபோன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் பெண், மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் வந்து போகிறவர். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். ஸ்கூட்டரில் போய், பொட்டலத்தோடே அவர் முன் வைத்தோம். தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னா சார், இட்லிப் பானையில இருந்து எடுத்தாந்தீங்களா?"

நடந்ததை மனைவி சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சூடு தாங்காம தானா அணைஞ்சிருக்கும்க்கா. மொதல்ல இந்தப் போர்வைய எடுங்க. ஆறட்டும். திறந்து வெச்சு ஆறட்டும்."

"பதிவு?"

"இந்த மாடல்ல புதுச தனியா ஒரு எடத்துலதான் எழுதும். பழசு அப்படியே இருக்கும். நடுவுல நின்னா பழசுலயே எழுந்துக்கும். எழுந்துக்கணும். எழுந்துக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

ஃபோன் ஆறும் வரை என் ஃபோனைக் காட்டினேன். மூன்று வருஷமாக ஒன்றும் வராதது ஏன் என்று கேட்டேன்.

"நீங்க மட்டும் என்னா சார் செய்றீங்க? புதுக் கலவன்னா நாலு டைல் சுட்டுப் பாத்துட்டுதான முழு டிராலி ஏத்துவீங்க? ஒருத்தன் மூலத்த எழுதுறான். உள்ள இருக்குற சிப்பு செஞ்சவன் அத அவனுக்குத் தோதா மாத்தறான். ஃபோன் கம்பெனிக்காரன் அதுமேல அவன் வேஷத்தப் போட்டு, மாடலுக்கு மாடல் சோதிக்கிறான். அப்பறமும் கொஞ்சம் பேருக்கு மொதல்ல வுட்டுப் பாப்பான். அதான் லேட்டு. உங்களுது விலை கொறஞ்ச மாடல். ரெண்டு மூணு வருஷத்துல கையக் கழுவிட்டாங்க."

"நிறுத்திட்டோம்னு சொல்ல மாட்டாங்களா?"

"எங்கயோ ஒரு மூலையில போட்டிருப்பாங்க. யாரு படிக்கறாங்க? அவங்க கடைசியா குடுத்தத நீங்க போட்டுட்டீங்க. அதனால புதுசுன்னு காட்டுது."

பொய் சொன்னால் கண்டுபிடித்திருக்கலாம். இதில் பொய்யே இல்லை என்பதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் கடைசியாகக் கொடுத்ததை வைத்துப் பார்த்தால் என் ஃபோன் புதியதுதான். அதைத்தான் முப்பத்தேழு முறை சரி என்று எழுதியிருக்கிறேன்.

"அப்ப இதெல்லாம் போட்டே ஆவணுமா?" என்றாள் மனைவி.

"அழகுக்கு வர்றது மெதுவா வரட்டும்க்கா. கதவுத் தாப்பா மாத்தற மாதிரி பாதுகாப்புக்கு வர்றத வுடாதீங்க."

"திங்கக்கிழம டிராலி ஏத்தப்போற நேரத்துலயா தாப்பா மாத்துவாங்க?" என்று என்னைப் பார்த்தாள்.

"அதுவும் நியாயம்தான்," என்றார் கடைக்காரப் பெண். "வேண்டியத வேற எடத்துல எடுத்து வெச்சுட்டு இல்ல கைய வெச்சிருக்கணும் சார்?"

நாற்பது நிமிடம் கழித்து அவர் அதைச் சார்ஜரில் மாட்டி அழுத்தினார். கம்பெனியின் பெயர் தெரிந்தது, அணைந்தது. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி தெரிந்தது. பழைய திரையே வந்தது, அவள் வைத்திருந்த செம்பருத்திப் படத்துடன்.

பதிவைக் கடையிலேயே சத்தமாகப் போட்டோம். "அக்கா, அஞ்சு கிலோ கிளேஸுக்குப் பச்ச ஏழு கரண்டி, மஞ்ச மூணு. அந்தச் சின்னக் கரண்டிதான். தட்டி எடுங்க, குவிக்காதீங்க." பில் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதினேன், தேதியும் நேரமும் போட்டு. இரண்டாம் முறை போட்டு ஒப்பிட்டேன். பதிவின் நகலை என் ஃபோனுக்கும் அவர் கடைக் கணினிக்கும் அனுப்பிய பிறகுதான் மனைவியே சொன்னாள்: "இப்ப போடுங்கம்மா அந்த அப்டேட்ட." விசிறிக்குக் கீழே, போர்வை இல்லாமல், ஒன்றே கால் மணி நேரத்தில் அது முடிந்தது.

கொட்டகைக்கு வந்ததும் இன்னொரு திகைப்பு. சின்னக் கரண்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று தகரம், ஒன்று எவர்சில்வர். எவர்சில்வர் சற்று ஆழம். அவர் எதில் அளந்தார் என்று இருவருக்கும் நினைவில்லை. போன வருஷக் கிளி ஒன்றுகூடக் கையில் இல்லை. படம் இருக்கிறது, ஆனால் படத்தில் வரும் பச்சையை நம்ப முடியாது. மனைவி தகரத்தை எடுத்தாள். சனிக்கிழமை சின்ன அடுப்பில் ஒரு டைல் சுட்டு, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதாங்க."

"நிச்சயமா?"

"என் கண்ணு சொல்லுது. உங்க நோட்டு என்னா சொல்லுது?"

நோட்டு ஒன்றும் சொல்லவில்லை. திங்களன்று டிராலி ஏறியது. முந்நூறில் பதினொன்று உடைசல் போக, மீதி சென்னைக்குப் போயின. அந்த டைலைத் தேதி எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறேன். ஆவணி பிறந்த அன்று என் ஃபோனைப் பார்த்தேன். 'சரி' என்று எழுதவில்லை, திரையில் இருந்த பழைய தேதியையே எழுதினேன். பேங்க் வேலை எதையும் இப்போது அதில் செய்வதில்லை.

சென்னைக் கடைக்காரர் சரக்கு வந்தது என்றார், நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமும் போன வருஷக் கிளி இல்லையாம். வலக் கிளியும் இடக் கிளியும் ஒரே பச்சைதானா என்பது, இதை எழுதும் வரை, உறுதி செய்யப்படவில்லை.