பெருமாள் விளக்கும் கியர்பாக்ஸ் ஒயரும்

பாகலூர் ரோட்டில் பஞ்சர் கடையை ஒட்டி பவளத்தின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. முதல் தடவை வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள்.

"இருக்கு. வண்டிய நிழல்ல விடுங்க" என்பாள் பவளம். அதற்கு மேல் விளக்கம் சொல்வதில்லை. வண்டி நிழலுக்கு வந்ததும் கரண்ட் பார்க்கும் டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு அவளே வருவாள். சிலர் அப்போதும் அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வருகிறாரா என்று பார்ப்பார்கள்.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயதில் ஓசூர் வந்து, வண்டிகளுக்கு ஒயர்கட்டு செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். ஆள் நீளப் பலகையில் வரிசையாக முளைகள் இருக்கும். முளைக்கு முளை ஒயரை இழுத்து, சேர்த்து, டேப் சுற்ற வேண்டும். பதினான்கு வருஷம் நின்றுகொண்டே அதைச் செய்தாள். கம்பெனி அந்த லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது கூட நின்ற பெண்கள் அழுதார்கள். பவளம் மறுநாள் போய், ஒயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்பிங் பிளையர் ஒன்று வாங்கினாள்.

கணவன் மாடசாமி சிப்காட்டில் லேத் ஓட்டுகிறான். அவன் வயிறு வலிக்கிறது என்று சொன்னால், "தொடர்ந்தா, விட்டு விட்டா?" என்றுதான் அவள் முதலில் கேட்பாள். பதிலைப் பொறுத்துத்தான் கஷாயம்.

போன கார்த்திகையில் கெலவரப்பள்ளி அணைப் பக்கத்திலிருந்து வெங்கடப்பன் வந்தார். அணைத் தண்ணீரில் பசுமைக்குடில் போட்டு ரோஜா பயிரிடுகிறவர். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஜெர்மன் கார் ஒன்றைப் பெங்களூரில் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். வெண்ணெய் நிறம். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். மாறுவதில்தான் தகராறு.

"மேடு ஏற மாட்டேங்குதும்மா. மிதிச்சா உறுமுது, நகர மாட்டேங்குது. பெங்களூருல மூணு ஷெட்டுல காட்டிட்டேன். கியர்பாக்ஸைப் பிரிக்கணும்ன்றான். சாமான் ஜெர்மனில இருந்து வரணுமாம்."

"வண்டி ஓடும்போது கியர் மாறுதா அண்ணாச்சி?"

அண்ணாச்சி என்றதும் வெங்கடப்பன் லேசாகத் திரும்பிப் பார்த்தார். ஓசூரில் அவருக்குத் தெரிந்த அண்ணாச்சிகள் எல்லாம் மளிகைக்கடைக்காரர்கள். இருந்தாலும் பதில் சொன்னார். "மேல போவுது. கீழ எறங்கறதில்ல. போன மாசம் சூளகிரி மேட்டுல என்னோட சொந்த டிராக்டரே என்னைத் தாண்டிப் போச்சு. ஓட்டினவன் கும்பிட்டுட்டுப் போனான்."

பவளம் சிரிக்கவில்லை. என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைக்கச் சொன்னாள். "ஆக்ஸிலேட்டரைத் தரை தொடுற வரைக்கும் மிதிங்க."

இந்த மாதிரி வண்டியில் ஆக்ஸிலேட்டருக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கிக்டவுன் சுவிட்ச் என்பார்கள். முழுசாக மிதித்தால் பெடல் அதில் இடிக்கும். கரண்ட் கியர்பாக்ஸுக்குப் போகும். அங்கே சோலனாய்டு என்கிற காந்தச்சுருள் 'டக்' என்று இழுக்க, கியர் ஒன்று கீழே இறங்கி வண்டிக்கு இழுவை வரும். பவளம் காரடியில் காதை வைத்திருந்தாள். டக் வரவில்லை. மேலே வெங்கடப்பன் மட்டும், "இதோ, பெருமாளு வந்துட்டாரு" என்றார்.

எழுந்து பார்த்தாள். டேஷ்போர்டில் திருப்பதி பெருமாள் படத்துக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெங்கடப்பன் காலை எடுத்தார். விளக்கு அணைந்தது.

"இது எப்பவும் எரியாதா?"

"ஆபத்துன்னா மட்டும்தான் எரியும். லாரியத் தாண்டலாம்னு அழுத்துவேன் பாருங்க, டக்குனு எரியும். ரங்கம்மா பின்னாடியிருந்து, வேணாங்க, பெருமாளு வேணான்றாருன்னு சொல்லும். காலை எடுத்துடுவேன். ரெண்டு வருஷத்துல ஒரு கீறல் இல்ல."

ரங்கம்மா அவருடைய மனைவி. பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். "ஒரு கீறல் இல்ல" என்று அவரும் சொன்னார்.

பவளம் தரைவிரிப்பைத் தூக்கினாள். சுவிட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகவேண்டிய ஒயரை யாரோ பாதியில் வெட்டி, முனையை முறுக்கி, சாமி விளக்குக்கு இழுத்திருந்தார்கள். மீதி ஒயர் தரையடியில் துருப்பிடித்த ஓட்டையில் செத்துக் கிடந்தது. விளக்கு போட்ட எலக்ட்ரீஷியனுக்கு அது சும்மா கிடக்கும் ஒயராகத் தோன்றியிருக்க வேண்டும். விளக்கு ஏன் சரியாக எரியவில்லை என்று யாரும் திரும்பிப் போய் அவரைக் கேட்கவில்லை. அதற்குள் வீட்டில் வேறு அர்த்தம் கிடைத்துவிட்டது.

பவளத்துக்கு இதைச் சொல்லாமல் விட மனமில்லை; எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னாள். "கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. அதுக்குப் போற கரண்டு பெருமாளுக்குப் போயிட்டிருக்கு."

வெங்கடப்பன் காரை விட்டு இறங்கினார்.

பேட்டரியிலிருந்து நேரடியாக சோலனாய்டுக்கு ஒரு ஒயரைத் தொட்டுக் காட்டினாள். 'டக்.' இன்னொரு தடவை. 'டக்.' வெங்கடப்பன் குனிந்து கேட்டார். மூன்று ஷெட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

பிற்பகல் முழுக்க வேலை. புது ஒயரைத் தடித்த உறைக்குள் விட்டு, சைலன்சர் சூடு படாமல் ஒதுக்கி, தரை ஓட்டையில் ரப்பர் வளையம் வைத்துக் கீழே இறக்கினாள். முனைகளை முறுக்கவில்லை, கிரிம்ப் செய்தாள். வழியில் ஒரு ஃப்யூஸ். பிறகு சாமி விளக்கைப் பற்றிக் கேட்டாள். "இதுக்குத் தனி ஒயர் தாறேன். சாவி போட்டதுமே எரியும். நின்னு எரியும்."

"எப்பவும் எரிஞ்சா ஆபத்து எப்பன்னு எப்படித் தெரியும்?" என்றார் ரங்கம்மா.

பவளம் யோசித்தாள். ஒரு ஒயருக்கு ஒரு வேலை என்பது பதினான்கு வருஷத்துப் பழக்கம். ஆனால் ரங்கம்மா கேட்டதும் நியாயம். விளக்கு இழுக்கும் கரண்ட் ஒரு பொருட்டே இல்லை என்பதும் உண்மை. சுவிட்சிலிருந்து இரண்டு கிளையாகப் பிரித்தாள். ஒன்று கியர்பாக்ஸுக்கு, ஒன்று பெருமாளுக்கு.

சோதித்துப் பார்க்க மூவருமாகக் கிளம்பினார்கள். சானமாவு காட்டோரம் வனத்துறை ஜீப் நின்றது. காலையில் யானைகள் ரோட்டைக் கடந்ததால் எல்லா வண்டியும் ஊர்ந்தன. காடு முடிந்து மேடு தொடங்கும் இடத்தில் முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி. வலப்பக்கம் காலி.

"இப்ப முழுசா மிதிங்க அண்ணாச்சி."

மிதித்தார். விளக்கு எரிந்தது. ரங்கம்மா, "வேணாங்க" என்று தொடங்குவதற்குள் கார் ஒரு மூச்சு இழுத்தது. பிறகு எல்லோருடைய முதுகும் சீட்டில் ஒட்டிக்கொண்டது. லாரி பின்னால் போனது. அதற்கு முன்னால் போன லாரியும் பின்னால் போனது. வெங்கடப்பன் தெலுங்கில் ஏதோ கத்தினார். சாமி பெயர் இல்லை.

மேட்டின் உச்சியில் ஓரமாக நிறுத்தினார். பவளத்தின் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளு நான் ஓட்டினது என்னாம்மா?"

"நாலாவது கியரு. இப்பத்தான் மூணைப் பாத்திருக்கீங்க."

ரங்கம்மா படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணான்னு சொல்லலீங்க அவரு" என்றார் கடைசியில். "இவ்ளோ நாளா போ போன்னுதான் சொல்லிட்டிருந்திருக்காரு. நமக்குத்தான் புரியல." அதோடு அந்த விஷயம் அந்தக் குடும்பத்தில் தீர்ந்தது.

தையில் பெங்களூரிலிருந்து ஒரு போன் வந்தது. வெங்கடப்பனின் காரை பிரேக் வேலைக்காக எடுத்திருந்த மெக்கானிக். டேஷ்போர்டு பெட்டிக்குள் பவளம் கையால் வரைந்து ஒட்டியிருந்த ஒயரிங் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். கன்னடம் கலந்த தமிழ்.

"மேடம், சுவிட்சு புரியுது. சோலனாய்டு புரியுது. மூணாவதா பெருமாள்னு எழுதியிருக்கு. அது என்னா பார்ட்டு?"

"லோடுதான்" என்றாள் பவளம். "கொஞ்சூண்டு கரண்ட் இழுக்கும். கழட்டிறாதீங்க."

"சரி மேடம். இங்க இதே மாதிரி பழைய கார் இன்னொண்ணு நிக்குது. அதுவும் மேடு ஏறல. பாக்கறீங்களா?"

"தொடர்ந்தா, விட்டு விட்டா?"

அவன் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். வியாழக்கிழமை கார் லாரியில் ஏறி பாகலூர் ரோட்டில் வந்து இறங்கியது. கூட வந்த டிரைவர் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்டான்.